ஒரு பழைய கார், ஐந்து விலை

ஐந்து லட்சம் ரூபாய்க்கு வாங்கிய கார். ஐந்து வருஷம் முடியப் போகிறது. இப்போது அதன் மதிப்பு என்ன?

பி.காம். படித்தவனிடம் கேட்டால் உடனே கால்குலேட்டரை எடுப்பான். வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம். குறைந்துகொண்டே வரும் மிச்சத்தின் மேல் கழித்துக்கொண்டே போனால் ஐந்தாம் வருஷக் கடைசியில் 2,21,853 ரூபாய் நிற்கும். இன்ஷூரன்ஸ்காரருக்கு வேறு கணக்கு. நாலு வருஷம் தாண்டி ஐந்துக்குள் இருந்தால், அதே மாடலின் இன்றைய விலையில் பாதி. கார் லோன் தரும் எங்களைப் போன்ற பேங்க்காரர்கள், மதிப்பீட்டாளர் எழுதிக்கொடுக்கும் ஒரு காகிதத்தை நம்புவோம், அதிலும் கொஞ்சம் கழித்துக்கொள்வோம். புரோக்கர் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வார். ஐந்தாவது, சொந்தக்காரர் மனசுக்குள் வைத்திருக்கும் விலை. அதை எந்த ஃபார்முலாவிலும் அடக்க முடியாது :-)

டில்லிக்கு மாற்றலாகி வந்த பிறகு நம்மவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, எஃப்.டி. வட்டி ஏறுமா. இன்னொன்று, பழைய காரை என்ன விலைக்குக் கொடுக்கலாம். முதல் கேள்விக்கு ரிசர்வ் வங்கியைக் கைகாட்டி விடலாம். இரண்டாவதற்குப் பதில் தேடப் போய் அது ஐம்பது அறுபது வருஷ வரலாறாக விரிந்துவிட்டது. பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

இந்தியாவில் பழைய கார் ஒன்றின் விலைக்கும் அந்தக் காரின் நிலைமைக்கும் ரொம்ப நாள் பெரிய சம்பந்தமே இருந்ததில்லை. இன்றைக்கும் பாதி சம்பந்தம்தான். மீதிப் பாதியைத் தீர்மானிப்பது காருக்கு வெளியே இருக்கிற ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்று மட்டும் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

முதலில் அது வரிசை. க்யூ.

சுதந்திரத்துக்குப் பிறகு நமக்குக் கிடைத்தவை மூன்று கார்கள்தான் என்று சொல்லலாம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர், பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த ஃபியட் (1970களில் அதுவே பத்மினி ஆனது), நம்ம மெட்ராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த ஹெரால்டு. எத்தனை செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி கிடையாது. 1980-ல்கூட நாடு முழுவதும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 30,000 கார்தான் தயாரானது. டாக்டர், வக்கீல், மில் முதலாளி, கம்பெனி, அரசாங்கம் எல்லோரும் அதற்குள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

கார்களை யாருக்கு எப்படி விற்கலாம் என்பதற்கே 1959-ல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1969-ல் அரசாங்கம் ஒரு படி மேலே போய் விற்பனை விலையையும் சட்டப்படி நிர்ணயித்தது. மூன்று கம்பெனிகளும் கட்டுப்படியாகாது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. ஒரு கார் செய்ய உண்மையில் என்ன செலவாகிறது, முதலீட்டுக்கு எவ்வளவு லாபம் நியாயம் என்று கமிஷன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் நிலை வந்தது. காஸ்ட் அக்கவுண்டன்சி படித்தவர்கள் அந்தத் தீர்ப்பைத் தேடிப் படிக்கலாம். நாவல் மாதிரி இருக்கும் (சரி, எனக்கு அப்படி இருந்தது). 1975-ல் விலைக் கட்டுப்பாடு போனது. லைசென்ஸ் போகவில்லை.

விலையைப் பிடித்து வைத்தால் என்ன ஆகும் என்று எகனாமிக்ஸ் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஷோரூமில் புதுக் காருக்கு ஒரு விலை. ஆனால் புக் செய்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒருவர் போன வருஷம் டெலிவரி எடுத்த காரை விற்கத் தயார். அவர் ஷோரூம் விலைக்குக் குறைவாகவா கேட்பார்? கூடுதலாகத்தான் கேட்பார். வாங்குகிறவர் சந்தோஷமாகக் கொடுப்பார். ஏனென்றால் அவர் வாங்குவது காரை மட்டும் இல்லை, காத்திருக்காமல் இருக்கும் வசதியையும் சேர்த்து. அதற்குப் பெயர் 'பிரீமியம்'. பேங்க் பாஷையில் அது வட்டிதான். காலத்துக்குக் கொடுக்கிற விலை.

தேய்மானம் என்று காலேஜில் சொல்லிக்கொடுத்த அத்தனையும் இங்கே தலைகீழ். பயன்படுத்தப் பயன்படுத்த மதிப்பு குறைய வேண்டும் என்பது பாடம். பயன்படுத்தியும் மதிப்பு குறையாத வண்டி தெருவில் நிற்கும். புத்தகத்தில் அசெட் கரைந்துகொண்டிருக்கும், தெருவில் வளர்ந்துகொண்டிருக்கும்.

ஸ்கூட்டரில் இந்தக் கூத்து இன்னும் அதிகம். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த தலைமுறை நம் அப்பாக்களுடையது. டாலரில் பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்று தனி வரிசை உண்டு. அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ மச்சினன் இருந்தால் யோகம். புக்கிங் சீட்டுக்கே விலை இருந்தது. திருநெல்வேலியில் எங்கள் பெரியப்பா தன் பத்து வயசு ஃபியட்டைத் துடைத்துக்கொண்டே, "இது கார் இல்லைடா, டெபாசிட்டு" என்பார். சின்ன வயசில் எனக்குப் புரியவில்லை. பேங்கில் சேர்ந்த பிறகு, அவர் சொன்னதில் கணக்குப் பிழை ஏதும் இல்லை என்று தெரிந்தது.

டில்லியில் இதற்கு இன்னொரு கிளைக்கதை உண்டு. தூதரக அதிகாரிகள் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப் போகும் வெளிநாட்டு கார்களை, அரசு நிறுவனமான எஸ்.டி.சி. வாங்கி டெண்டரில் விற்கும். வெளியில் வேறு வழியில் கிடைக்காத சரக்கு என்பதால் நல்ல போட்டி. பழைய காரின் விலையை வெளிப்படையாக, காகிதத்தில் எழுதி, சீல் வைத்துக் கண்டுபிடித்த ஒரே சந்தை அந்தக் காலத்தில் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

1983-ல் மாருதி வந்தது. புக்கிங் தொகை 10,000 ரூபாய். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள். யாருக்கு முதலில் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முடிவு செய்தது. அந்த வருஷம் டிசம்பர் 14-ஆம் தேதி முதல் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். விலை 47,500 ரூபாய் என்ற எண் அந்தத் தலைமுறைக்கு ஃபோன் நம்பர் மாதிரி மனப்பாடம். குலுக்கலில் பெயர் வந்தவர் வண்டியை எடுத்து, மறுநாளே கைமாற்றினாலும் லாபம். வரிசை ஒழியும் என்று பார்த்தால் வரிசை இன்னும் நீண்டது.

ஆனால் மாருதி வேறு ஒரு காரியம் செய்தது. அதுவரை அம்பாசடரையும் ஃபியட்டையும் எதனோடும் ஒப்பிட முடியவில்லை. இப்போது ஒப்பிட ஆள் வந்துவிட்டது. குறைந்த பெட்ரோலில் ஓடும், மாதம் ஒருமுறை மெக்கானிக் வீட்டு வாசலுக்கு வர வேண்டியதில்லை. அம்பாசடரின் பிரீமியம் கரைய ஆரம்பித்தது அங்கேதான். அரசாங்க கார், டாக்ஸி என்று ஒதுங்கி இன்னொரு முப்பது வருஷம் அது ஓடி, 2014 மே மாதம் உத்தரபாராவில் தயாரிப்பு நின்றது. அதே 2014 ஜனவரியில் மாருதி 800-ன் தயாரிப்பும் நின்றது என்பது சுவாரசியமான தற்செயல். பெரியவரும், பெரியவரின் மார்க்கெட்டைப் பிடித்தவரும் ஒரே வருஷத்தில் ரிடையர் ஆனார்கள்.

1993-ல் கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றாயிற்று. 1995-ல் டேவூ சீலோ. 1998 நம் கதைக்கு முக்கியமான வருஷம். ஒரே வருஷத்தில் ஹூண்டாய் சான்ட்ரோ (நம்ம ஸ்ரீபெரும்புதூரில் இருந்து), டேவூ மாட்டிஸ், டாடா இண்டிகா என்று வரிசைகட்டி வந்தன. வருஷக் கடைசியில் மாருதி தன் 800-ன் விலையைக் குறைத்தது. இந்தியாவில் புதுக் காரின் விலை குறைவது என்பதே அதுவரை பலர் பார்த்திராத காட்சி. அடுத்த நாள் காலையில், நாடு முழுக்க வீட்டு வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்த பழைய 800-கள் எல்லாவற்றின் விலையும் குறைந்துவிட்டது. யாரும் இடிக்கவில்லை, துரு பிடிக்கவில்லை, ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

பழைய கார் 'பழைய சாமான்' ஆனது அந்த வருஷங்களில்தான் என்பது என் அபிப்பிராயம். பெரியப்பாவின் டெபாசிட் முதிர்வடைந்துவிட்டது.

அப்போதும் விலையைத் தெரிந்துகொள்ள வழி என்ன? ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரிவிளம்பரம். "ஒரே உரிமையாளர், டாக்டர் ஓட்டியது" (டாக்டர்கள் ஏன் இத்தனை காரை விற்றார்கள் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்). அதில் போட்டிருப்பது கேட்கும் விலை. எத்தனைக்கு முடிந்தது என்று பேப்பரில் வராது. அது தெரிந்தவர் புரோக்கர் ஒருவர்தான். நம் ஊர்ப் பக்கம் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, பொள்ளாச்சி பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கார் சந்தையில் துண்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கரோல்பாக் புரோக்கர் விற்பவரைத் தனியாகவும் வாங்குபவரைத் தனியாகவும் டீ குடிக்கக் கூட்டிப்போவார். இருவரும் கடைசிவரை ஒருவரையொருவர் பார்க்காமலே வண்டி கைமாறும். அந்த இடைவெளிதான் அவர் சம்பளம்.

மேல்நாட்டில் இந்தத் துண்டை ரொம்ப முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் பழைய கார் வியாபாரம் செய்த கெல்லி குடும்பத்தினர், தாங்கள் எந்தக் காருக்கு என்ன கொடுப்போம் என்ற பட்டியலை 1926-ல் புத்தகமாகப் போட்டார்கள். அதுதான் 'ப்ளூ புக்'. இங்கிலாந்தில் கிளாஸ் கைடு 1933-ல் வந்தது. இரண்டுமே ஆரம்பத்தில் வியாபாரிகளுக்காகப் போட்டவை, நம்மைப் போன்றவர்களுக்காக அல்ல. பொதுமக்கள் கைக்கு ப்ளூ புக் வர 1990கள் ஆயிற்று. ஆக துண்டை எடுத்தார்கள் என்றேனே, அதுகூட வியாபாரிகளுக்குள்தான்.

இங்கே அப்படி ஒரு புத்தகம் வரச் சாத்தியமே இல்லாமல் இருந்தது. வரிசையின் நீளம் தெரியாமல் எப்படி விலை அச்சடிப்பது? கார் நிறையப் புழங்க ஆரம்பித்த பிறகுதான் அதற்கு அர்த்தம் வந்தது. 2001-ல் மாருதி 'ட்ரூ வேல்யூ' என்று பழைய கார் வாங்கி விற்க இறங்கியது. 2002-ல் வந்த புதிய மோட்டார் இன்ஷூரன்ஸ் விதிகளில் ஐ.டி.வி. என்ற சொல் நுழைந்தது. ஆறு மாதம் வரை 5 சதவீதம் கழிவு, ஒரு வருஷம் வரை 15, பிறகு 20, 30, 40, 50. ஐந்து வருஷம் தாண்டினால் இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். நிறையப் பேர் இதைக் காரின் விலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வண்டி திருட்டுப் போனாலோ மொத்தமாக நொறுங்கினாலோ கம்பெனி அதிகபட்சம் கொடுக்கும் தொகை அது. எல்லா கம்பெனி காருக்கும் ஒரே சதவீதம் என்பதிலேயே தெரியவில்லையா, சந்தை விலை அப்படி இருக்க முடியாது என்று?

கம்பெனி பெயருக்கு என்ன விலை என்பதை டேவூ காட்டிக்கொடுத்தது. கொரியாவில் தாய்க் கம்பெனி 2000-ல் திவாலாக, கொஞ்ச நாளில் இங்கேயும் கடையை மூடினார்கள். மாட்டிஸ் ஓட்டியவர்களைக் கேளுங்கள், நல்ல வண்டி என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஸ்பேர் யார் தருவார்? அதே கதை 2017-ல் ஜெனரல் மோட்டார்ஸ் விற்பனையை நிறுத்தியபோதும், 2021-ல் ஃபோர்டு தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோதும் திரும்ப வந்தது. அறிவிப்பு வந்த சாயங்காலமே வாட்ஸப்பில் சோக கீதம். கம்பெனி கிளம்புகிறது என்ற செய்திக்குச் சந்தை போட்டுக்கொள்ளும் தேய்மானம் அது. எந்த அட்டவணையிலும் இல்லை.

வராத கார்கூட விலையை இறக்கும். 2008 ஜனவரியில் ஒரு லட்ச ரூபாய் கார் என்று நானோவை டாடா காட்டினார்கள். முதல் வண்டி கைக்கு வந்தது 2009 ஜூலையில். நடுவே இருந்த ஒன்றரை வருஷம், ஒரு நானோகூட ரோட்டில் இல்லாத காலத்தில், பழைய மாருதி 800 விற்க நினைத்தவர்களின் பாடு திண்டாட்டமாக இருந்தது. "ஒரு லட்சத்துக்குப் புதுசே வருதே சார்" என்று வாங்க வருகிறவர்கள் ஆரம்பிப்பார்கள்.

2006 பட்ஜெட்டில் சிதம்பரம் சின்ன காருக்கு எக்சைஸ் வரியை 24-லிருந்து 16 சதவீதமாக்கினார், 2008-ல் 12 ஆக்கினார். அப்போதும் இதே கதைதான். புதுசு இறங்கினால் பழசும் இறங்கும். பட்ஜெட் உரையை டிவியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கார் பணத்தில் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டிருக்கும்.

இனி டில்லிக்கு வருகிறேன். இந்த ஊர்க்காரர்களுக்கு இதுதான் விஷயமே.

பெட்ரோல் விலையை 2010 ஜூனில் சந்தை கையில் விட்டார்கள். டீசலை விடவில்லை. லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் விழுந்தது. எல்லோரும் டீசல் காருக்கு ஓடினார்கள். பழைய டீசல் காருக்கும் நல்ல கிராக்கி. 2014 அக்டோபரில் டீசலையும் விட்டார்கள், வித்தியாசம் சுருங்கியது. அதற்கு அடுத்த அடி 2015 ஏப்ரலில் வந்தது. பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி டில்லியிலும் சுற்றுப்புறத்திலும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. பெட்ரோலுக்குப் பதினைந்து. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஆர்.சி.யில் பதினைந்து வருஷம் என்று போட்டு, பதினைந்து வருஷத்துக்கும் சேர்த்து ரோடு டாக்ஸ் வாங்கிய அதே ஊரில், டீசல் காருக்கு ஆயுள் பத்தாகிவிட்டது. அக்கவுண்ட்ஸ் பாஷையில் சொன்னால், அசெட்டின் பயன்பாட்டு ஆயுளையே ஒரு உத்தரவில் மாற்றிவிட்டார்கள். (காற்று விஷயத்தில் நானும் நீதிமன்றத்தின் பக்கம்தான். நவம்பர் மாதம் இங்கே மூச்சு விட்டவர் எவரும் வேறு மாதிரி சொல்ல மாட்டார். நான் சொல்வது கணக்கை மட்டும்.)

எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி. மாமா காலமான பிறகு கார் சும்மா நின்றுகொண்டிருந்தது. 2013 ஜூனில் வாங்கிய டீசல் செடான், அன்றைய விலை ஏழரை லட்சம். 2023 மார்ச்சில் என்னைக் கூப்பிட்டு, "உங்க பேங்க்ல யாரையாவது கேட்டு நியாயமான விலை என்னன்னு சொல்லுங்கோ. புரோக்கர் ஒண்ணேகால் லட்சம்கறான். அவர் அந்த வண்டியை எப்படி வெச்சிண்டிருந்தார்னு உங்களுக்கே தெரியும்" என்றார். தெரியும். நாற்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. சீட்டில் இன்னும் பிளாஸ்டிக் கவர்.

கோயம்புத்தூரில் இருக்கும் மாமியின் தம்பி, அங்கே இதே வருஷத்து வண்டி மூன்றுக்கு மேல் போகிறது என்று ஃபோனில் சொல்லியிருந்தார். அவர் சொன்னதும் சரி, புரோக்கர் சொன்னதும் சரி. இங்கே அந்தக் காருக்கு ஆயுள் மூன்று மாதம், அங்கே குறைந்தது ஐந்து வருஷம். கோவைக்குக் கொண்டுபோகலாம் என்றால் இங்கே ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. எடுக்க வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும், அங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். எழுபது வயசு மாமி தனியாக இதைச் செய்ய முடியுமா? புரோக்கர் தள்ளிக் கேட்ட பணம் எஞ்சினுக்காக இல்லை. இந்த அலைச்சலுக்காகவும், இன்னும் மூன்று மாதத்தில் மாமிக்கு வேறு வழி இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்ததற்காகவும்.

ஒரு வேடிக்கை. ஏழரை லட்சத்தை வருஷத்துக்குப் பதினைந்து சதவீதம் பத்து வருஷம் கழித்தால் 1,47,656 வருகிறது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தேய்மானக் கணக்கும் புரோக்கர் கணக்கும் பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்தேன்.

கடைசியில் மூன்று பேரிடம் விலை கேட்டோம். இணையத்தில் படம் போட்டோம். ராஜஸ்தானுக்கு வண்டி அனுப்பும் ஒரு வியாபாரி ஒன்று தொண்ணூறுக்கு எடுத்துக்கொண்டார். என்.ஓ.சி. வாங்கும் வேலை அவருடையது என்று எழுதி வாங்கினோம். மாமிக்குத் திருப்தி இல்லை. ஆனால் பணத்தைவிட முக்கியமான ஒன்றை விடாமல் செய்தார். ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை வாரம் ஒருமுறை பரிவாஹன் தளத்தில் பார்த்துச் சொல்லும்படி என்னை விரட்டிக்கொண்டே இருந்தார். மூன்று மாதம் ஆயிற்று.

அவர் விரட்டியதில் அர்த்தம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கார் நாலைந்து கை மாறியிருந்தது. ஆர்.சி.யில் மட்டும் முதல் சொந்தக்காரர் பெயர். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், நஷ்ட ஈடு அவர் பொறுப்பு என்று முடிந்தது. எப்போதோ விற்றுப் பணம் வாங்கி மறந்துபோன கார், எங்கோ ஓர் ஊரில் யாரையோ இடித்தால் உங்கள் கதவைத் தட்டும். மாற்றலாகிப் போகும் அவசரத்தில், "நீங்களே ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வைத்துக் கொடுத்துட்டுப் போங்க சார், மீதியை நான் பாத்துக்கறேன்" என்ற புரோக்கரை நம்பி ரயிலேறிய நம்மவர்கள் எத்தனை பேர்! அவர்கள் வாங்கிய விலையில் இந்த ரிஸ்க்கைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று போட்டுப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் பெற்ற பழைய கார் வியாபாரி, ஒப்படைத்த வண்டிக்குத் தானே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல விதி. வியாபாரி அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும், ஒப்படைத்ததை ஆர்.டி.ஓ.வுக்கு ஆன்லைனில் தெரிவித்திருக்க வேண்டும். இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

டில்லிக் கதை அதோடு நிற்கவில்லை. 2025 ஜூலை 1 முதல் ஆயுள் முடிந்த வண்டிக்கு பங்க்கில் எண்ணெய் கிடையாது என்று ஆரம்பித்து, சில நாளிலேயே பின்வாங்கினார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அதைத் திருத்தி, அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 மற்றும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் என்றது. மாமியின் வண்டி பி.எஸ்.-4. இரண்டு வருஷம் பொறுத்திருந்தால்? யாருக்குத் தெரியும். அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

இதற்கு நடுவே பழைய நண்பர் ஒருவரும் திரும்ப வந்து போனார். க்யூ! 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்து புதுக் கார் கிடைக்காமல் போனது. மஹிந்திரா எக்ஸ்யூவி700-க்கு முதல் நாள் ஒரு மணி நேரத்துக்குள் 25,000 பேர் புக் செய்தார்கள். சில மாடல்களுக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் காத்திருப்பு. வாங்கிய விலைக்கே, சில சமயம் அதற்கு மேலும், பழைய வண்டி கேட்கப்பட்டது. பெரியப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

சிப் தட்டுப்பாடு நீங்கி க்யூ குறைந்ததும் விலையும் இறங்கியது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனது, மேல்வரியும் போனது. 1998 டிசம்பரில் நடந்தது திரும்ப நடந்தது. முந்தின வாரம் பழைய கார் விற்றவர் சிரித்தார், வாங்கியவர் விழித்தார். பழைய கார் வியாபாரிக்கு மட்டும் 2024 டிசம்பர் கவுன்சில் கூட்டத்தில் முடிவானபடி லாபத்தின் மேல் 18 சதவீத வரி தொடர்கிறது. அது மொத்த விலையின் மேல் அல்ல, வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் மட்டும். நீங்கள் உங்கள் சொந்தக் காரை இன்னொருவருக்கு நேரடியாக விற்றால் அந்த வரி கிடையாது. "ஜி.எஸ்.டி. பிடிக்கணும் சார்" என்று யாராவது உங்கள் விலையில் மொத்தமாகப் பதினெட்டு சதவீதம் கழித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது வெப்சைட்டில் வண்டி நம்பரைப் போட்டால் அரை நிமிஷத்தில் ஒரு விலை வருகிறது. ட்ரூம் கம்பெனியின் 'ஆரஞ்சு புக் வேல்யூ', பழைய கார் கம்பெனிகளின் செயலிகள் என்று நிறைய. பயனுள்ளவைதான், நானும் பார்க்கிறேன். ஆனால் விலை சொல்கிறவரே வாங்குகிறவராகவும் இருந்தால், வீட்டுக்கு வந்து 'இன்ஸ்பெக்‌ஷன்' செய்த பிறகு அந்த விலை என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். துண்டு இப்போது டச் ஸ்கிரீனாக இருக்கிறது. அதனால் குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள். அதில் ஒன்று உங்கள் ஊரில் இல்லாமல் பக்கத்து மாநிலத்தில் இருக்கட்டும்.

மாற்றலாகிக்கொண்டே இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்காக 2021 செப்டம்பர் 15 முதல் பி.ஹெச். பதிவு எண் வந்திருக்கிறது. மத்திய, மாநில அரசு ஊழியர்கள், பாதுகாப்புப் படையினர், பொதுத்துறை வங்கிகள் உட்பட அரசு நிறுவன ஊழியர்கள், நாலு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உள்ள தனியார் கம்பெனி ஊழியர்கள் வாங்கலாம். வரியை இரண்டிரண்டு வருஷமாகக் கட்டினால் போதும். மாநிலம் மாறினால் என்.ஓ.சி. இல்லை, பழைய மாநிலத்தில் வரியைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டுக் காத்திருக்கும் வேலையும் இல்லை. எங்கள் கிளையிலேயே நாலு பேர் வாங்கிவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் போன மாதம் விற்கக் கிளம்பினார். வாங்க வந்தவர் பக்கத்து மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருப்பவர், பி.ஹெச். தகுதி இல்லாதவர். அவர் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் மாநிலப் பதிவு எண் எடுத்து, அங்கே வரி கட்ட வேண்டும். அந்த வரியை உங்கள் விலையில் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறார். இவரோ, நான் முழு வரி கட்டாமல் மிச்சம் பிடித்தது எனக்கு, அதை ஏன் உங்களுக்குத் தர வேண்டும் என்கிறார். பேச்சு இன்னும் முடியவில்லை. கார் எங்கள் பேங்க் வாசலில்தான் நிற்கிறது.